பதினொரு நாவல்களும் ஒரு மறுவாசிப்பும்

கடந்த வருடம் நான் பதினொரு நாவல்கள் படித்தேன். அவற்றைப் பற்றி யாரிடமும் மனம்விட்டு வாய் திறக்கவில்லை. விரதம் ஒன்றும் இல்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆள் இல்லாமல் போனதற்கு நானே காரணம் என்பதால் யார் மேலும் புகார் சொல்லவும் வழியில்லை.

முதலில் எங்கள் வாசகர் வட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தட்டச்சுப் பயிலகம் இருக்கிறது. அதன் மாடியில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு ஒன்பது பேர் கூடுவோம். தலைவர், செயலாளர் என்று யாரும் கிடையாது. மாடிச் சாவி வைத்திருக்கிற ஓய்வுபெற்ற வங்கிக்காரர் சொல்வதை மற்றவர்கள் கேட்போம். மெஷின்களுக்கு உறை போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டு, தட்டச்சுப் படிக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூல்களிலேயே உட்காருவோம். முதுகு சாய இடமில்லை என்றால் யாரும் நீட்டி முழக்க மாட்டார்கள் என்று வங்கிக்காரர் நம்பினார். அந்த நம்பிக்கை ஒருநாளும் பலித்ததில்லை.

டிசம்பர் கூட்டம் மட்டும் வேறு மாதிரி. அந்த வருடம் படித்த நாவல்களைப் பற்றி ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒரு நாவலுக்கு ஒரு நிறை, ஒரு குறை. நிறையை மட்டும் சொல்லிவிட்டு நழுவ முடியாது, குறை எங்கே என்று ஸ்டூலைத் தட்டுவார்கள். சால்வை போர்த்தி, 'காவியம்' என்று சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிற வேலை நமக்குள் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தது. இன்னொரு விதியும் உண்டு. எழுதியவரே கூட்டத்தில் இருந்தால், கீழ்க்கடையிலிருந்து டீ வரும் வரை அவர் பேசக் கூடாது. டீ வந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். எங்களில் ஒருவர் குறுநாவல் ஒன்றைப் போட்டுவிட்டு, ஒரு டிசம்பர் முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று டீ வேறு தாமதமாக வந்தது.

நான் எழுந்தால் மற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். குறை சொல்வதில் எனக்கு ஒரு ருசி உண்டு, மறைப்பானேன். வேடசந்தூர் சாலையில் இருக்கும் ஒரு நூற்பாலையில், நூலின் தரம் பார்க்கிற பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறவள் நான். எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று நாள் முழுக்கத் தேடியே பழகிய கண். எதைக் கையில் எடுத்தாலும் பழுதுதான் முதலில் படும். வீட்டில் சாம்பார் வைத்தாலும் அப்படித்தான், வைத்ததும் நானே, குறை சொல்வதும் நானே.

வீடு நாகல் நகர்ப் பக்கம். மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை, வெளிப்பக்கமாக இறங்கும் படிக்கட்டு. அம்மா இருந்தவரை இரண்டு பேர் இருந்தோம். அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது தனிக்கதை, அதில் சுவாரசியமும் கிடையாது.

நான் அக்கா என்று கூப்பிடுகிறவர் அந்த வட்டத்துக்கு வந்து பத்து வருடம் இருக்கும். சின்னாளபட்டியில் நெசவுக் குடும்பம். அவர் மட்டும் தறிப்பக்கம் போகாமல் காந்திகிராமத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். வீட்டுக்காரர் இருக்கிறார், மகன் திருப்பூரில். கூட்டமுள்ள ஞாயிறன்று அவர் சின்னாளபட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நிற்பார். ஹாரன் அடிக்க மாட்டார், போன் பண்ண மாட்டார். நான் கதவைப் பூட்டிவிட்டு இறங்கிப் போய்ப் பின்னால் உட்காருவேன். கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் பருத்திப்பால் வண்டியருகே நிறுத்துவோம். உண்மையான கூட்டம் அங்கேதான். மாடியில் சொல்லாமல் விட்டதையெல்லாம் அங்கே சொல்வோம். எனக்குப் பிடிக்காத நாவலை அவர் தூக்கிப் பிடிப்பார், நான் கிழிப்பேன், டம்ளர் காலியாகி அரைமணி நேரம் ஆனபிறகும் நின்றுகொண்டிருப்போம். மாதம் முழுக்க நான் பேசுகிற பேச்சில் பாதி அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கையில் தெரிகிறது.

முந்தைய வருடம் நவம்பர் கூட்டத்தில் அக்கா பையிலிருந்து எட்டுப் புத்தகங்களை எடுத்தார். தான் எழுதிய நாவல் என்றார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நான்கு வருடமாக எழுதியிருக்கிறார். நான்கு வருடத்தில் எத்தனை பருத்திப்பால். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. என் பிரதியைத் திறந்தேன். 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய பிரதியை எட்டிப் பார்த்தேன். அதிலும் 'அன்புடன்'.

எனக்குப் பற்றி எரிந்தது. வாழ்த்துகள் அக்கா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தை அரிசி டப்பா மேல் வைத்தேன். பத்து நாள் அங்கேயே கிடந்தது. பிறகு பழுது தேடுகிற கண்ணோடு எடுத்தேன். அப்படி எடுத்த புத்தகத்தில் என்ன கிடைக்குமோ அது கிடைத்தது.

கதை இதுதான். சின்னாளபட்டியில் ஒரு தெருவில் மூன்று சகோதரிகள் அப்பா விட்டுப்போன வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். நடுவில் அறுபது பக்கம் சுவர் எங்கே எழுப்புவது என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டு மாடியில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் தனியாகக் குடியிருக்கிறார். மனைவி இல்லை, மக்கள் இல்லை. தினமும் காலையில் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கதவிடம் "வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்குகிறார். நாவலில் நான்கு இடத்தில் இது வருகிறது.

டிசம்பர் கூட்டத்தில் என் முறை வந்தது. மற்ற நாவல்களைச் சுருக்கமாக முடித்துவிட்டு அக்காவின் நாவலை எடுத்தேன். நிறை என்று தெருவின் வர்ணனையைச் சொன்னேன், தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டுகிற காலை நேரத்தைச் சொன்னேன். பிறகு குறைக்கு வந்தேன். அறுபது பக்க இழுவையைச் சொன்னதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"அந்த டிராயிங் வாத்தியாரு எதுக்கு? பூட்டுன கதவுகிட்ட யாராச்சும் வாரேன்னு சொல்லிட்டுப் போவாங்களா? படிக்கிறவங்கள அழ வைக்கணும்னு கொண்டாந்து நிப்பாட்டுன ஆளு. அப்படி ஒரு மனுசன் எந்த ஊர்லயும் கிடையாது" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா. உறை போட்ட தட்டச்சு மெஷின் ஒன்றைக் கதவாகப் பாவித்து, பூட்டை இழுப்பதுபோல் இழுத்து, தலையைத் தாழ்த்தி, குழைந்த குரலில் "வாரேன்" என்று நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்படி பேசவில்லை. கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்த முகத்தில் கோபம் இல்லை. அது என்ன பார்வை என்று எனக்குப் பிடிபடவில்லை, பிடிபடாததும் எரிச்சலாக இருந்தது.

டீ வந்தது. இப்போது பதில் சொல்லலாம் என்று வங்கிக்காரர் சொன்னார். எல்லாரும் அக்காவைப் பார்த்தோம்.

"டீ ஆறுது, குடிங்க" என்றார் அக்கா.

திரும்பும்போது பருத்திப்பால் வண்டியில் நிறுத்தவில்லை. கேட்டில் இறக்கிவிட்டார். வாரேன் அக்கா என்றேன், தலையை அசைத்துவிட்டுப் போனார். ஜனவரி கூட்டத்துக்கு வரவில்லை. முழங்கால் வலி, ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டார். பிப்ரவரியில் குழுவைவிட்டு விலகினார். அந்த மாதம் நான் நடந்தே கூட்டத்துக்குப் போனேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அக்கா வழக்கமாக உட்காரும் ஸ்டூலை யாரோ சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். மார்ச்சிலிருந்து நானும் போகவில்லை.

ஆக, நாவல்கள் மட்டும் மிஞ்சின. கருத்துகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி அந்தந்தப் புத்தகத்துக்குள் ஜனவரியிலிருந்தே செருகத் தொடங்கியிருந்தேன். இப்போது அவற்றை எடுத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஜனவரியில் படித்தது தொள்ளாயிரம் பக்கப் பெரிய நாவல். ஊரெல்லாம் புகழ்ந்தது. பக்கத்துக்குப் பக்கம் மழை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காக குஜிலியம்பாறைக்குப் போன பஸ்ஸில் பாதியைப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் சோளத்தட்டைகூட இல்லாத வறண்ட காடு. 'இவ்வளவு மழையில் ஒருத்தர்கூடக் குடை பிடிக்கவில்லை' என்று தாளில் எழுதியிருக்கிறேன். நிறை: அதில் வரும் தபால்காரர். அவருக்காகத் தொள்ளாயிரம் பக்கமும் படிக்கலாம். இதை அக்காவிடம் சொல்லியிருந்தால் குடை விஷயத்துக்குச் சிரித்துவிட்டு, தபால்காரரைப் பற்றி அரைமணி நேரம் சண்டை போட்டிருப்பார்.

ஏப்ரலில் ஒரு மொழிபெயர்ப்பு. பனி கொட்டும் நாட்டில் ஒரு கிழவர் தன் நாயோடு நடந்துகொண்டே இருக்கிறார். மொட்டைமாடித் தளம் அடுப்புக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்த வாரத்தில், ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படித்தேன். கதையில் ஒன்றுமே நடக்காது. ஆனால் நாய் செத்ததும் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. குறை என்று எதையும் எழுதவில்லை. எழுதாமல் விட்ட தாள் அது ஒன்றுதான்.

மே மாதம் மில்லில் கூட வேலை செய்கிற பெண் ஒரு துப்பறியும் நாவலைத் தந்தாள். நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் விடாமல் இரண்டே நாளில் முடித்தேன், உண்மையைச் சொன்னால் அந்த வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்த இரண்டு நாட்கள் அவை. அந்தப் பெண்ணிடமாவது இதையெல்லாம் பேசிப் பார்க்கலாம் என்று கேன்டீனில் பெரிய நாவலின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "இது சீரியலா வருமாக்கா?" என்றாள். வராது என்றேன். சாப்பாட்டு நேரமும் முடிந்தது.

ஜூலையில் படித்த நாவலில் ஒரு ஆட்டுச் சந்தை வந்தது. எழுதியவர் சந்தைப்பக்கம் போனதே கிடையாது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்தது. உச்சி வெயிலில் சந்தை களைகட்டுகிறது, ஆடுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் வரிசையில் நிற்கின்றன. அய்யலூர்ச் சந்தைக்கு வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பாதிச் சந்தை வண்டியேறிவிடும், வரிசையாவது ஒன்றாவது. தாளின் இரண்டு பக்கமும் நிறையத் திட்டி எழுதினேன். எழுதி முடித்ததும் வழக்கம்போல் போனை எடுத்து அக்காவுக்கு, 'ஆடு வரிசையில் நிற்கிறது அக்கா' என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன். அந்த வருடம் அப்படி எத்தனை அழித்தேன் என்று எனக்கே தெரியாது.

நன்றாக இல்லாத நாவலைத் தனியாகப் படித்துவிடலாம். நல்ல நாவலைத் தனியாகப் படிப்பதுதான் கஷ்டம். ஆகஸ்டில் ஒரு சின்னக் காதல் கதை, எழுதியது இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண்ணாம், படித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில் இது தேவையா என்று வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் யாராவது இருந்து, 'எதுக்கு அழுகுற, அம்புட்டு நல்லாவா இருக்கு?' என்று கேட்டிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் என் குரல் எனக்கே கேட்காது. துணி துவைப்பேன், சோற்றுக்கு வெஞ்சனம் ஏதாவது ஒன்று வைத்துச் சாப்பிடுவேன், படிப்பேன், மறுபடி படிப்பேன். தனிமையாக இருந்தது. வேறு வார்த்தை தேடி அலைய வேண்டிய விஷயமில்லை.

செப்டம்பரில் கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு ஜோடி குடிவந்தது. அந்தப் பெண் ஒட்டன்சத்திரத்துப் பக்கம். கல்யாணமாகி மூன்று மாதம். ஒரு வாரம் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தவள், ஒரு காலையில் நான் மில் பஸ்ஸுக்காகப் படியிறங்கி வரும்போது கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, மேல உங்ககூட யாருங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

யாரும் இல்லையே, ஏன் என்றேன்.

"இல்லீங்க, தினமும் கதவப் பூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு இறங்கறீங்களே. யாராச்சும் முடியாதவங்க உள்ள படுத்திருக்காங்களோன்னு நெனச்சேன். அப்புறம் ஏன் வெளிய பூட்டிட்டுப் போறாங்கன்னு ஒரே ரோசனைங்க."

நான் அப்படியெல்லாம் சொல்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அரை நிமிடத்துக்கு முன்னால் மாடியில் நின்றது ஞாபகம் வந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தேன். இரண்டு முறை. அதற்குப் பிறகு காதில் என் குரலே கேட்டது, அம்மா இருந்தபோது தினமும் சொன்ன அதே குரலில். அம்மா உள்ளேயிருந்து, 'பாத்துப் போ' என்பாள். அம்மா போனபிறகும் வாய் நிறுத்தவில்லை போலிருக்கிறது. ஏழு வருடம். ஒருநாள்கூட என் காதில் விழுந்ததில்லை.

அந்தப் பெண்ணிடம் பழக்கதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன். மில் பஸ் போய்விட்டது. அடுத்த டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, தட்டச்சு மெஷினைக் கதவாக்கி நான் ஆடிய ஆட்டம் கண்முன் வந்தது. முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன். அன்று அக்காவின் முகத்தில் கண்ட பார்வை என்னவென்று அந்தப் பஸ்ஸில்தான் புரிந்தது. ஒருத்தி தன்னைத் தானே நாலுபேர் முன்னால் கேலி செய்கிறாள், அது அவளுக்கே தெரியவில்லை என்றால், பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். டீ வந்த பிறகும் அக்கா பேசவில்லை. 'அது நீதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறையே என் பக்கம் திரும்பியிருக்கும்.

மறுநாள் காலையிலிருந்து பூட்டும்போது உதட்டை இறுக்கிக்கொண்டேன். சத்தமில்லாமல் இறங்கினேன்.

அக்காவிடம் போகத் துணிவு வர இரண்டு மாதம் ஆனது. நவம்பரில் ஒரு ஞாயிறு, சின்னாளபட்டி பஸ் பிடித்தேன். அக்கா வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது, துடைத்துப் பளபளவென்று. அக்கா தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை விரித்துப்போட்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. வா என்றார், காபி கொடுத்தார், மில் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

"அந்த வாத்தியாரு நான்தானாக்கா?"

"உனக்கு இப்பத்தான் தெரியுதா?"

கீழ்வீட்டுப் பெண் சொன்னதைச் சொன்னேன். அக்கா லேசாகச் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். நாவலை எழுதிய நான்கு வருடமும் என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன், அந்தக் கோபத்தில்தான் அன்று அப்படிப் பேசினேன் என்றும் ஒப்புக்கொண்டேன். நேர்மையான கருத்து என்று நான் எழுந்து நின்று சொன்னதில் நேர்மை பாதிகூட இல்லை. மிச்சம் பொறாமை.

"சொல்லியிருந்தா நீ கொண்டா பாப்போம்னு வாங்கிப் படிச்சிருப்ப. நாலு குறை சொல்லியிருப்ப. நான் அதோட நிப்பாட்டியிருப்பேன்" என்றார் அக்கா. "உனக்குப் பயந்துக்கிட்டுத்தான் சொல்லலை."

பத்து வருடம் எனக்கு எதிரே நின்று பருத்திப்பால் குடித்தவர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. என்னுடைய கூர்மையை அவர் ரசிக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"அந்த அறுவது பக்கத்தை இழுவைன்னு சொன்னியே, அது சரிதான். எனக்கே தெரியும். அதுக்கெல்லாம் வருத்தமில்லை" என்றார். ஒரு காபி டம்ளரை எடுத்து இன்னொன்றுக்குள் அடுக்கினார். "கடைசி அத்தியாயம் படிச்சியா?"

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இருநூற்று எழுபது பக்க நாவலில் நான் இருநூற்று நாற்பது வரைதான் படித்திருந்தேன். பாகப்பிரிவினை எப்படி முடியும் என்று ஊகித்துக்கொண்டு மூடிவிட்டேன். எட்டுப் பேர் முன்னால் குறை சொன்னவள், நூலைக் கடைசிவரை ஓட்டிப் பார்க்காமல் கழித்துப் போட்டிருக்கிறேன். மில்லில் யாராவது இதைச் செய்தால் நானே மெமோ கொடுக்கச் சொல்வேன்.

இல்லை என்றேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "படிச்சிட்டு அப்புறம் பேசு" என்றார். வாசல் வரை வந்தார். நான் சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினேன். வாரேன் என்ற அந்தச் சொல் வாயில் வரவே இல்லை.

புத்தகம் என் பையில்தான் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து திறந்தேன். இரண்டு திண்டுக்கல் பஸ்களை விட்டேன்.

கடைசி அத்தியாயத்தில் சுவர் எழும்பிவிடுகிறது. ஓவிய ஆசிரியர் வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கை மகன் ஊருக்குப் போகிறார். மறுநாள் காலை ஏழரைக்கு, மூன்று சகோதரிகளில் கடைசியானவள், புருஷனும் பிள்ளைகளும் உள்ளவள், குடத்தோடு வந்து படிக்கட்டின் அடியில் நிற்கிறாள். தினமும் அந்த நேரத்துக்கு அங்கேதான் நிற்பாள் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. மேலே அவர் கதவிடம் சொல்லிக்கொள்ளும்போது, கீழே இவள் யாருக்கும் கேட்காமல், 'சரி, போயிட்டு வாங்க' என்று சொல்வாள். அவளிடம் வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. புருஷன் பாட்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போவான், பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கதவுக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அன்று மேலே சத்தமில்லை. இவள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பதிலை மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்குகிறாள்.

ஹாரன் அடிக்காமல் கேட்டருகே நின்ற ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். அக்கா வீட்டில் டிவியை அணைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் பின்பக்கம் போனவரின் முதுகும் ஞாபகம் வந்தது. என் தனிமையைப் பற்றித்தான் நாவலில் எழுதியிருக்கிறது என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கும் தனிமை இருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. மூன்றாவது பஸ் வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினேன்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளை எடுத்தேன். எழுதியதை அப்படியே போனிலும் தட்டினேன்: 'படித்து முடித்தேன். நடு அறுபது பக்கம் இன்னமும் இழுவைதான். கடைசி அத்தியாயத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.' இந்த முறை அழிக்கவில்லை. அக்கா பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தன. பதில் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. படித்துவிட்டுப் பேசு என்றுதானே சொன்னார், பேசினால் பதில் சொல்வேன் என்று சொல்லவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு வந்தது. போவது என்று முடிவு செய்திருந்தேன். அக்கா இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாலுபேர் முன்னால் சொன்னதை நாலுபேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். 'அப்படி ஒரு மனுஷி உண்டு, நாகல் நகரில் மாடி வீட்டில் இருக்கிறாள்' என்று சொல்ல வேண்டும். பதினொரு தாள்களையும் அடுக்கி, மேலே பன்னிரண்டாவதை வைத்து, ரப்பர் பேண்ட் போட்டுப் பையில் வைத்தேன்.

பத்து மணிக்குக் கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். பழகிவிட்டபடி உதட்டை மடித்துக்கொண்டு, செருப்புச் சத்தம்கூட வராமல் இறங்கினேன். கடைசிப் படியில்தான் நிமிர்ந்தேன். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் நின்றது. அக்கா ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். செத்த நேரம் ஆச்சு என்றார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் இன்னைக்குச் சொல்லலை?"

திரும்பிப் படியேறினேன். கீழ்வீட்டுப் பெண் ஜன்னலில் நின்று பார்த்தாள், பார்த்தால் பார்க்கட்டும். மேலே போய்ப் பூட்டை இரண்டு முறை இழுத்தேன். கீழே கேட்கும்படி, "வாரேன்" என்றேன்.

"சரி, பாத்து வா" என்றார் அக்கா, சத்தமாக.